சாட்சியற்ற மலை: குண்டலகேசி, பழையனூர் நீலி கதைகளில் கள்வனும் கணவனும்

ஆய்வுச் சுருக்கம்

குற்றவாளியொருவனின் பிடியில் அகப்பட்ட பெண், அவன்மீது காதல் கொள்வதும் அவனிடமிருந்து உயிர் தப்புவதும் இன்றைய புதினங்களின் கருப்பொருளாக விளங்குகின்றன. இக்கருப்பொருளுக்குத் தமிழில் நெடிய வரலாறு உண்டு. குண்டலகேசிக் கதையும், திருத்தணி வட்டத்திலுள்ள பழையனூரோடு பிணைந்த நீலி கதையும் அவ்வரலாற்றின் இரு முதன்மையான சான்றுகள். பெண்ணின் சொல்லை நம்புவதற்குச் சாட்சி தேடும் சமூகத்தை இவ்விரு கதைகளும் எவ்வாறு காட்டுகின்றன என்பதையும், நீலி கதையின் மையம் காலப்போக்கில் யாரிடமிருந்து யாரிடத்திற்குப் பெயர்ந்தது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: குண்டலகேசி, நீலகேசி, பழையனூர் நீலி, திருவாலங்காடு, தேரீகாதை, சேக்கிழார் புராணம், சாட்சி.

முன்னுரை

திருத்தணி என்றதும் நினைவுக்கு வருவது வள்ளி மணம். கச்சியப்பரின் கந்தபுராணம், வள்ளியை மணந்த முருகன் அவளுடன் செருத்தணிக்கு வந்து தங்கியதாகக் கூறுகிறது. சினம் தணிந்த இடம் என்ற ஊர்ப்பெயர் விளக்கமும், படியேறி வரும் அடியார் கூட்டமும் அக்கதையின் இனிமையை இன்றும் காத்து நிற்கின்றன. ஆயினும் அக்கதைக்குள்ளும் அச்சத்தின் நிழல் ஒன்று உண்டு. தினைப்புனத்தில் தனித்திருந்த வேடர்குலப் பெண், யானையைக் கண்டு அஞ்சி, தான் சற்றுமுன் வெறுத்து விலக்கிய கிழவனிடமே அடைக்கலம் புகுகிறாள். அந்த யானையை வரவழைத்தவன் அக்கிழவனே. களவு என்னும் சொல் தமிழில் திருட்டையும் மறைவான காதலையும் ஒருசேரக் குறிப்பது தற்செயலன்று என்றே தோன்றுகிறது.

இத்தணிகை மலையிலிருந்து ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில் திருவாலங்காடும் அதையடுத்துப் பழையனூரும் உள்ளன. அச்சம் காதலாகக் கனியாமல் கொலையாக முடிந்த கதை அங்கு வழங்குகிறது. இப்பகுதி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணையும்வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஆதலின் ஊர் பற்றிய பழைய ஆவணங்களைச் செங்கற்பட்டுப் பதிவுகளில் மட்டும் தேடும் ஆய்வாளர் ஏமாற்றமடைவர்.

கொலைக்களத்திலிருந்து மணவறைக்கு

குண்டலகேசி முழுமையாகக் கிடைக்கவில்லை. நாதகுத்தனார் இயற்றிய அப்பௌத்த காப்பியத்தில் இன்று நம் கையில் இருப்பவை பெரும்பாலும் புறத்திரட்டு காத்தளித்த 19 செய்யுட்களே. கதையை அறிய இரு வழிகள் உள்ளன. ஒன்று, அதனை மறுக்க எழுந்த சமண நூலான நீலகேசிக்குச் சமயதிவாகர வாமன முனிவர் எழுதிய உரை. மற்றொன்று பாலி மொழி மரபு.

பாலி மரபில் ஒரு படிநிலை வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். தேரீகாதையில் பத்தா குண்டலகேசா பாடியனவாக வரும் 107 முதல் 111 வரையான பாடல்களில் கள்வனும் இல்லை, கொலையும் இல்லை. தலைமயிர் களைந்து ஒற்றையாடையுடன் திரிந்ததையும், கழுகுமலையில் பகற்பொழுதைக் கழித்துவிட்டு வருகையில் புத்தரைக் கண்டதையும், அங்கம், மகதம், வச்சி, காசி, கோசலம் ஆகிய நாடுகளில் ஐம்பது ஆண்டுகள் கடன்படாதவளாய்ப் பிச்சையேற்று உண்டதையும் மட்டுமே அவள் கூறுகிறாள். அவள் வாய்மொழியில் மலை தியானத்திற்குரிய இடம். அம்மலையைக் கொலைக்களமாக்கும் வேறொரு மலை அபதானத்திலும் உரைகளிலுமே நுழைகிறது. துறவியின் வாழ்வுக்கு முன்கதை தேடியவர்கள் அதனைக் குற்றத்திலும் காதலிலும் கண்டனர்.

உரைகள் கூறும் கதை இது. இராசகிருகத்துப் பெருவணிகன் மகள், கொலைக்களத்திற்கு இழுத்துச் செல்லப்படும் கள்வனைப் பலகணி வழியே கண்டு, அவனன்றி உயிர்வாழேன் எனக் கிடக்கிறாள். தேரீகாதை உரை அவனைச் சத்துகன் என்றும் அரச புரோகிதனின் மகன் என்றும் குறிக்கிறது. தந்தை காவலனுக்குக் கையூட்டாக ஆயிரம் பொன் கொடுத்து அவனை மீட்கிறான். தம்மபத உரை ஒரு வரியில் கடந்து செல்லும் செய்தி ஒன்று இங்கே உண்டு. அக்காவலன் கள்வனை விடுவித்து, அவனுக்குப் பதிலாக வேறொருவனைக் கொன்றுவிட்டு, தண்டனை நிறைவேறியதாக அரசனுக்கு அறிவிக்கிறான். அந்த வேறொருவன் யார்? உரையாசிரியர் அவனுக்குப் பெயரும் தரவில்லை. அவனுக்காக எவரும் அழவுமில்லை. இம்மணவாழ்வின் அடித்தளத்தில் அவன் உடல் கிடக்கிறது. கதையை மீளச் சொல்வோர் பெரும்பாலும் இதனை விட்டுவிடுகின்றனர். என் நோக்கில், கதையின் அறச்சிக்கல் தொடங்கும் இடம் இதுவே.

சில நாள் கழித்துக் கள்வன் மனைவியின் அணிகலன்கள்மீது ஆசை கொள்கிறான். தான் உயிர் பிழைத்தால் படையலிடுவதாகக் கள்வர்வீழ் மலைத் தெய்வத்திற்கு நேர்ந்துகொண்டதாகச் சொல்லி, எல்லா நகைகளையும் அணிந்துவரச் செய்து, சுற்றத்தாரை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு அவளை உச்சிக்கு அழைத்துச் செல்கிறான். குற்றவாளிகளைத் தள்ளிக் கொல்லும் மலை அது. அங்கே கள்வன் கொலைஞனாக நிற்கிறான். குற்றமற்றவள் தண்டனைக்குரியவளாக நிற்கிறாள். நகைகளை எடுத்துக்கொள், உயிரை விடு என்கிறாள் அவள். விட்டால் நீ உன் தந்தையிடம் சொல்வாய் என்கிறான் அவன். இறுதியாக ஒருமுறை வலம்வந்து தழுவிக்கொள்ள இசைவு கேட்டு, பின்னால் வந்த நொடியில் அவனைத் தள்ளிவிடுகிறாள். மலைத்தெய்வம், அறிவு ஆடவர்க்கு மட்டும் உரியதன்று என்ற கருத்துப்பட அவளைப் பாராட்டுகிறது.

இங்குக் கதை முடிந்திருந்தால் அது தந்திரக் கதையாகவே நின்றிருக்கும். அதன்பின் அவள் எண்ணுவதாகத் தம்மபத உரை கூறுவதே எனக்கு முதன்மையாகப் படுகிறது. வீடு திரும்பினால், கணவன் எங்கே என்பர். கொன்றேன் என்றால் சொல்லால் குத்துவர். நகைக்காக அவன் என்னைக் கொல்ல முயன்றான் என்றால் நம்பமாட்டார்கள். மலையுச்சியில் இருந்தவை மூன்றே: அவள், அவன், தெய்வம். தெய்வத்தின் சாட்சியம் ஊர் மன்றில் செல்லாது. நகைகளைக் கழற்றி எறிந்துவிட்டு அவள் நிகண்டர்களிடம் துறவு பூணுகிறாள். துறவு என்பது இங்கே ஞானத்தின் விளைவன்று, நம்பப்படாமையின் விளைவு. ஞானம் பின்னரே வருகிறது. நாவல் கிளை நட்டு வாதுக்கு அழைத்துத் திரிந்தவள் சாரிபுத்தரின் ஒரு வினாவுக்கு விடையறியாது நின்றபோது.

தமிழ்நாட்டின் திருப்பம்

நீலகேசி உரைவழி அறியப்படும் தமிழ்க் கதையில் கள்வனின் பெயர் காளன்; பெண் பத்திரை. நிகழ்வுகள் பெரிதும் ஒத்தவையே. ஆனால் கொலைக்கான காரணம் மாறிவிடுகிறது. பாலியில் அது நகை. தமிழில் ஒரு சொல். ஊடற்காலத்தில் நீ கள்வன் அன்றோ என்று பத்திரை விளையாட்டாகச் சொல்லிவிட, அச்சொல் அவன் நெஞ்சில் தங்கிப் பகையாகிறது.

இம்மாற்றத்தைச் சிறிதென ஒதுக்க இயலாது. ஊடல் தமிழ் அகமரபின் உரிமை. மனைவி கணவனை எள்ளவும் பழிக்கவும் இடமளிக்கும் அத்திணைக்களத்தில், உண்மை ஒன்று நாவிலிருந்து நழுவுகிறது. உயிரையும் மணத்தையும் தந்து வாங்கியவனிடம் அவன் யார் என்பதை நினைவூட்டும் உரிமை அவளுக்கு இல்லை என்பதை அவள் அறியாதிருந்தாள். கொலைக்களத்திலிருந்து மீட்கப்பட்டவன் அவன். அவனது நினைவுக்குள் சிறைப்பட்டவளோ அவள். சிலப்பதிகாரக் கண்ணகி, தன் கணவன் கள்வன் அல்லன் என்பதை நிறுவ அவை ஏறினாள். பத்திரைக்கு அவன் கள்வன் என்பது தெரியும். தெரியாததுபோல் வாழ்வதே அவள் இல்லறத்தின் நிபந்தனை.

கிடைத்துள்ள 19 செய்யுட்களுள் இந்நிகழ்வை நேரடியாக விவரிப்பது என ஐயமின்றிச் சுட்டத்தக்கது இல்லை. உடலின் ஒவ்வொரு பருவமும் ஒரு சாவே என உரைக்கும் புகழ்பெற்ற செய்யுள் நிலையாமை பற்றியது. அரசன் விடுதலை அளித்தபோதும், கொலை சூழ்ந்தபோதும் மகிழ்தலும் வாடுதலும் இன்றி, யாவும் வினைப்பயன் என நின்ற ஒருவனைப் பாடும் செய்யுள் ஒன்று உண்டு. அதனைக் காளனைப் பற்றியதாகக் கொள்ள மனம் விழைகிறது. விடுவிப்பு, கொலை என்னும் இரண்டும் அங்கே உள்ளன. எனினும் முன்னும் பின்னும் இழந்த செய்யுளை வைத்துக் கதைப்போக்கை வரைவது ஆய்வு நெறியாகாது. உடன்பாட்டுத் தொனியில் பாடப்படும் அவ்வமைதி மனைவியின் ஒரு சொல்லைப் பொறாத காளனுக்குப் பொருந்துவதாகவும் இல்லை.

பாலிக் கதை தமிழ்நாட்டை அடைந்த வழியைப் பற்றி ஒரு குறிப்பு. அங்குத்தர நிகாயத்திற்கு உரையான மனோரதபூரணியில் குண்டலகேசியின் வரலாறு இடம்பெறுகிறது. அவ்வுரையைக் காஞ்சியில் தம்முடன் தங்கியிருந்த சோதிபாலரின் வேண்டுகோளுக்கிணங்க எழுதியதாகப் புத்தகோசர் குறிக்கிறார். தொண்டை நாட்டுத் தலைநகரில் இக்கதை அறியப்பட்டிருந்தது என்பதற்கு இதுவே போதும்.

நீலி: மூன்று முகங்கள்

குண்டலகேசியை வாதில் வெல்ல ஒருத்தி வேண்டும் என எண்ணிய சமண ஆசிரியர் தேர்ந்தெடுத்தது யாரை என்பது வியப்புக்குரியது. நீலகேசியின் முதற் சருக்கத்தில், பாஞ்சால நாட்டுச் சுடுகாடொன்றில் உள்ள காளி, தன் கோயிலில் உயிர்ப்பலி நின்றதற்குக் காரணமான முனிச்சந்திரரை விரட்டும் வலிமை தனக்கு இல்லாமையால், தென்திசைப் பழையனூர் நீலியை வரவழைக்கிறாள். நீலி அச்சுறுத்துகிறாள், பின் அரசமகள் வடிவில் மயக்க முயல்கிறாள். இரண்டும் பயன்படாமற்போக, கொல்லாமை நோன்பு ஏற்றுச் சமண நெறியின் வாதியாகிறாள். அவள் முதலில் வெல்லுவது குண்டலகேசியை. அடுத்தவன் அவளுடைய ஆசிரியன் அருக்கச்சந்திரன். 1936இல் அ. சக்கரவர்த்தி நயினார் உரையுடன் பதிப்பித்த பிறகே இந்நூல் பரவலாக அறியப்பட்டது.

பெயர் ஒப்புமையே இத்தேர்வுக்குக் காரணம் எனச் சிலர் கொள்ளலாம். இருவரும் கூந்தலால் பெயர் பெற்றவர்கள். அது மட்டுமே காரணம் என எனக்குத் தோன்றவில்லை. கணவனால் கொலைக்கு இட்டுச் செல்லப்பட்டுத் தப்பியவள் ஒருத்தி. தப்பாமல் இறந்து, பேயாய் மீண்டவள் மற்றொருத்தி. பழையனூர்க் கதையை அறிந்த தமிழ்நாட்டுக் கேட்போர் முன், குண்டலகேசிக்கு எதிரே நிறுத்தத் தக்கவள் நீலியன்றி வேறு யார்?

சிலப்பதிகாரக் கட்டுரை காதையிலும் ஒரு நீலி உண்டு. சிங்கபுரத்தில் ஒற்றன் எனப் பொய்யாகக் குற்றஞ்சாட்டப்பட்டுக் கொல்லப்பட்ட வணிகன் சங்கமனின் மனைவி அவள். பதினான்கு நாள் அலைந்தபின் மலையுச்சி ஏறிக் கணவனைச் சேர்கிறாள். அவள் இட்ட சாபமே கோவலனைத் தொடர்ந்தது. மலை, வணிகன், கொலை, பிறவி கடந்து தொடரும் பழி ஆகிய நான்கும் அங்கேயே கூடிவிட்டன. பழையனூர் நீலி அவளிடமிருந்து பிறந்தவள் என நிறுவ இயலாது. இரு கதைகளும் ஒரே கதைக்கிடங்கிலிருந்து எடுத்தவை என்று கொள்ளலாம்.

பழையனூர்க் கதையின் பரவலான வடிவம் பின்வருமாறு. முற்பிறவியில் கணவன் அல்லது காதலனால் காட்டில் கொல்லப்பட்ட பெண், மறுபிறவியில் வணிகனாகப் பிறந்த அவனைத் தேடி வருகிறாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, பழையனூர் வேளாளர் எழுபதின்மர் முன் இவன் என் கணவன் என வழக்குரைக்கிறாள். இவள் பெண்ணல்லள், பேய் என்கிறான் வணிகன். குழந்தை அவனைத் தந்தை என அழைக்கிறது. அவன் கையிலுள்ள வாளால் தன்னைக் கொன்றுவிடுவான் என அவள் அஞ்சி நடுங்க, அதனையும் வாங்கிவிடுகின்றனர் எனச் சில வடிவங்கள் கூறும். உனக்குத் தீங்கு நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருவோம் என வாக்களித்து, இருவரையும் ஓரறையில் இரவு தங்கவைக்கின்றனர். விடிந்ததும் வணிகன் பிணமாகக் கிடக்கிறான். எழுபதின்மரும் தீயில் இறங்குகின்றனர்.

அவ்வறை குண்டலகேசியின் மலையுச்சிக்கு நேர்மாறானது. இங்கே சிறைப்பட்டவன் ஆண். காவலனும் நடுவனும் ஊர். அவன் உண்மையே பேசினான், ஒருவரும் நம்பவில்லை. பத்திரை வீடு திரும்பியிருந்தால் தனக்கு நேரும் என அஞ்சியது அப்படியே அவனுக்கு நேர்ந்தது. நீலியோ பொய்ச் சாட்சியுடன் வந்தாள். ஆயினும் அவன் என்னைக் கொல்வான் என்ற அவள் முறையீடு முற்பிறவியை நோக்க முழுப் பொய்யன்று. தென்மாவட்ட வில்லுப்பாட்டு வடிவங்களில், காட்டில் உயிர்விடும் பெண் அருகில் நின்ற கள்ளியையே சாட்சியாக விளிக்கிறாள். முதற் கொலைக்குச் சாட்சியாக நின்ற அக்கள்ளியே இரண்டாவது வழக்கில் குழந்தையாகி மன்றேறுகிறது. கதைஞரின் நுட்பத்திற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை. திருவாலங்காட்டில் வேளாளர் தீப்பாய்ந்த இடமாகக் காட்டப்படும் மண்டபத்தையடுத்து இறைவன் சாட்சிபூதேசுவரர் என்ற பெயருடன் விளங்குவதும் இங்கு எண்ணத்தக்கது.

மையம் பெயர்ந்த வரலாறு

இக்கதையின் காலநிரலை நோக்கினால் ஒரு செய்தி தெளிவாகிறது. சம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்தின் முதற்பாடலில், ஒருத்தி வஞ்சத்தால் உயிர்கொண்டதைக் கேட்டு அஞ்சும் பழையனூர் என்ற குறிப்பு உள்ளது. ஏழாம் நூற்றாண்டைச் சார்ந்த அக்குறிப்பில் எழுபது என்ற எண்ணில்லை, வேளாளர் இல்லை, தீயும் இல்லை. இருப்பவை பெண்ணும் ஊரின் அச்சமும் மட்டுமே. பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவம் இயற்றிய சேக்கிழார் புராணத்திலோ, நீலியின் வஞ்சனை ஓரடியில் முடிந்துவிட, சொன்ன சொல் தவறாது தீக்குழியில் மூழ்கிய எழுபதின்மரின் பெருமையே பாடுபொருளாகிறது. சேக்கிழார் பிறந்த வேளாண் மரபின் சிறப்பைக் கூறும் இடம் அது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

இவ்விரண்டிற்கும் இடையே நிற்பது ஒரு செப்பேடு. முதலாம் இராசேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டைச் சார்ந்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள், 31 ஏடுகளைக் கொண்டவை. சோழர் குலவரலாற்றுக்காகவே அவை பெரிதும் மேற்கோள் காட்டப்படுகின்றன. ஆனால் அவற்றின் நடைமுறை நோக்கம் பழையனூரைத் திருவாலங்காட்டு இறைவனுக்கு அளிப்பதே. அதுகாறும் சிங்களாந்தகச் சதுர்வேதிமங்கலத்தைச் சார்ந்த பிரமதேயமாக இருந்த ஊர், அந்நிலை நீக்கி வெள்ளான்வகையாக்கப்பட்டுக் கோயிலுக்கு இறை செலுத்தும் ஊராகிறது. அதாவது பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வூரின் நிலவுரிமையில் வேளாளர் நிலை ஆவண வலிமை பெறுகிறது. தீப்பாய்ந்த எழுபதின்மர் பற்றிய செய்தி செப்பேட்டில் உண்டு என நான் கூறவில்லை. ஊரின் உரிமை யாருடையதோ, ஊர்க்கதையின் தலைமையும் காலப்போக்கில் அவருடையதானது என்பதே நான் முன்வைக்கும் கருத்து. கொல்லப்பட்ட பெண்ணின் கதை, வாக்குத் தவறாத நடுவர்களின் கதையாயிற்று. அவர்கள் தீர்ப்பில் பிழைத்தனர் என்பதை மறவாது, அதற்குத் தம் உயிரையே தண்டமாக இறுத்தனர் என்பதையும் ஏற்றாக வேண்டும். தவறிய தீர்ப்புக்கு நடுவரே பொறுப்பேற்கும் கதைகள் நம் மரபில் பல இல்லை. பாண்டியன் ஒருவன் உடன் நினைவுக்கு வருகிறான்.

தெற்கே குமரி மாவட்டத்தில் நிலைமை வேறு. ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தலில் இசக்கியம்மனாக வழிபடப்படுபவளின் கதையாக நீலி கதை பாடப்படுகிறது. இயக்கி என்னும் சொல்லே இசக்கியாயிற்று என்பர். சமணர் அவளை வாதியாக்கினர். சைவ மரபு வஞ்சகியாக்கியது. வில்லிசைப் புலவர் தெய்வமாக்கினர். மூவருள் அவளுக்கு நேர்ந்த முதற் கொலையை நின்று நிதானித்துப் பாடியவர் இறுதியில் குறித்தவர் மட்டுமே. வில்லுப்பாட்டில் அப்பகுதியே நீளமானது. மடியில் தலைவைத்து உறங்கும் பெண்ணின் தலையை மெல்ல எடுத்து மணற்குவியலில் வைத்துவிட்டு, கல்லைத் தூக்கும் காதலனின் காட்சி நள்ளிரவில் பாடப்படும்போது, கேட்கும் பெண்களுக்கு அது முற்பிறவிச் செய்தியாகத் தோன்றுவதில்லை.

திருவாலங்காட்டுக்கு உரிய மற்றொரு பேய் மகளையும் இங்கே குறிப்பிட வேண்டும். காரைக்கால் அம்மையாரும் வணிகன் மனைவியே. பரமதத்தன் அவளைக் கொல்லவில்லை, அஞ்சிக் கப்பலேறினான், பாண்டி நாட்டில் வேறொருத்தியை மணந்து, பிறந்த பெண்குழந்தையுடன் அம்மையாரின் காலில் விழுந்தான். கணவனுக்கெனத் தாங்கிய உடலை உதறிப் பேய்வடிவம் வேண்டிப் பெற்ற அவர், ஆலங்காட்டில் இறைவனின் திருவடிக்கீழ் அமர்ந்து பாடினார். ஒரே சுடுகாட்டின் இருபுறமும் இரு வணிகர் மனைவியர். ஒருத்தியின் பேய்மை பழி. மற்றொருத்தியின் பேய்மை பேறு. அம்மையார்க்குச் சாட்சி தேவைப்படவில்லை. மாங்கனி கணவன் கண்முன்னே வந்து மறைந்தது. நீலிக்குக் கிடைத்தது ஒரு கள்ளிக் கொம்பு.

இன்றைய புதினங்களை நோக்கி

கடத்தியவனையே காதலிக்கும் நாயகியரைப் படைக்கும் இன்றைய தொடர்கதைகளையும் புதினங்களையும் ஆய்வுலகம் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. அவை மேலைநாட்டு இறக்குமதி என்றும் கருதப்படுகின்றன. பலகணி வழியே கொலைக்களக் கள்வனைக் கண்ட வணிகன் மகளை நாம் அறிவோமாதலால் அக்கருத்து பாதியே சரி. வேறுபாடு முடிவில் இருக்கிறது. அப்புதினங்களில் பெண்ணின் அன்பு குற்றவாளியைத் திருத்துகிறது. பத்திரையின் அன்பு காளனைத் திருத்தவில்லை. பழைய உரையாசிரியர்கள் பௌத்தராயினும் சமணராயினும், அவன் திருந்தியிருக்கக் கூடும் என்ற எண்ணத்திற்கு ஒரு சொல்லும் செலவிடவில்லை. அவர்களுடைய அக்கறை மலையிலிருந்து தனியே இறங்கி வந்தவள் எந்த வழியில் நடந்தாள் என்பதில் இருந்தது.

அந்த வழி ஊருக்குச் செல்லவில்லை என்பதை அவர்கள் அனைவரும் அறிந்திருந்தனர். அடிவாரத்தில் காத்திருந்த சுற்றத்தார் எவ்வளவு நேரம் அங்கே நின்றனர், பின்பு இராசகிருகத்திற்குத் திரும்பித் தந்தையிடம் என்ன சொன்னார்கள் என்பதை எந்த உரையும் கூறவில்லை.